ஆறாவது அம்பு

பிப்ரவரி 9, ஞாயிறு

வேலைக்கென்று ஒரு டைரி இருக்கிறது. எந்தப் பக்கம் ரோந்து போனேன், எத்தனை யானை பார்த்தேன், எந்தத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன் என்று அதில் எழுத வேண்டும். சனிக்கிழமைதோறும் ரேஞ்சர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். வேட்டைத் தடுப்புக் காவலனாகப் பதினாறு வருடம் அதை எழுதிக் கை பழகிவிட்டதால் வீட்டுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். இதில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்பதுதான் இதன் சௌகரியம்.

கோபிகா இரண்டு நாள் லீவில் விளையாட்டு விடுதியிலிருந்து வந்திருக்கிறாள், வில்லும் அம்பும் சகிதம். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் இப்படியா இளைத்துப் போவாள்? கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. கடைசி அம்புகளை விடும்போது கை நடுங்குகிறது, வீட்டுக்கு வரும்போதாவது பிள்ளைக்குக் கறி மீன் ஆக்கிப் போடுங்கள் என்று கோச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இருபத்திரண்டாம் தேதி மாநில அணிக்கான தேர்வு. அதில் எடுபட்டுவிட்டால் கல்லூரியில் இடத்துக்குக் கவலையில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள்தான்.

காலையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆறு அம்புக்கும் மூன்று மூன்றாகப் புது இறகு ஒட்டினோம். இரண்டு மஞ்சள், ஒரு பச்சை. போட்டியில் ஒவ்வோர் அம்பிலும் எய்கிறவர் யார் என்று எழுத்து இருந்தாக வேண்டுமாம். போன வருடமே நான் கம்பியைக் காய்ச்சி, இறகுக்குக் கீழே மூங்கிலில் என், ஜி என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து சுட்டுக் கொடுத்திருந்தேன். நஞ்சப்பன் மகள் கோபிகா.

மாலை தாயும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தபோது மக்காச்சோளத்தில் பன்றி புகுந்தது. விரட்டிவிட்டேன்.

ராத்திரிக்குக் களியும் கீரையும்.

பிப்ரவரி 10, திங்கள்

முதல் பஸ்ஸில் கோபிகாவை ஏற்றிவிட்டேன். வில்லையும் அம்பையும் நானே உறையில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். "நான் கட்டிக்கறனுங்கப்பா" என்றாள். நேரமாகிறது என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வயலுக்குக் கிழக்கே, காட்டின் ஓரத்தில், வன இலாகாவின் தொட்டி ஒன்று இருக்கிறது. குட்டை வற்றும் காலத்தில் மான், பன்றி எல்லாம் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். அதை நிரப்புவது என் பொறுப்பு. இன்றைக்கு நிரப்பினேன். தொட்டியடியையும் தேய்த்துக் கழுவினேன். பாசி.

பிப்ரவரி 11, செவ்வாய்

தொட்டி நிரப்பினேன். காட்டுக்குள் ஆறு கிலோமீட்டர் நடந்தேன். ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

ரேஞ்சர் எல்லோரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மலைப் பாதையில் பஸ்ஸில் போன யாரோ ஒரு புள்ளிமானைப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். பெட்டை. பின்தொடையில் அம்பு. ரேஞ்சருக்கு மேலே இருப்பவர்கள், அவர்களுக்கும் மேலே இருப்பவர்கள் எல்லோருடைய போனுக்கும் அந்தப் போட்டோ போய்விட்டது. ரேஞ்சர் முகம் வெளிறிக் கிடந்தது.

"நாலு நாள்ல அந்த மான் எனக்கு வேணும். உயிரோட இருந்தா டாக்டர வரச் சொல்றேன். செத்திருந்தா அந்த அம்பாவது வேணும். அம்பு கெடைச்சா ஆளு கெடைச்ச மாதிரி" என்றார்.

போன் கைமாறி என்னிடம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து தெரியவில்லை. மஞ்சளும் பச்சையும் தெரிந்தது.

"நஞ்சப்பா, உன்னை மாதிரி தடம் பாக்கற ஆளு இந்த ரேஞ்சுலயே கெடையாது. நீயும் சடையனும் போங்க."

"சரிங்கய்யா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

சடையன் என்னைவிட நல்ல தடக்காரன் என்று எல்லோருக்கும் தெரியும். ரேஞ்சருக்கு மட்டும் தெரியாது. அவனும் என் வயதுதான். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே தட்டில் தின்றவர்கள். நான் நடந்துகொண்டே யோசிப்பேன். அவன் நின்று யோசித்துவிட்டுத்தான் நடப்பான்.

பிப்ரவரி 13, வியாழன்

போட்டோ எடுத்த திருப்பத்திலிருந்து ஆரம்பித்தோம். ரத்தம் கண்ட இடத்தில் ஓர் இலையைக் கிள்ளிப் போட்டுக் கல் வைப்போம். அடுத்த சொட்டைக் கண்ட பிறகுதான் அந்தக் கல்லை விட்டு நகர்வோம். காலையிலிருந்து மதியம் வரை பதினொரு கல். கத்தி மாதிரி முனை உள்ள அம்பு என்றால் ரத்தம் கொட்டியிருக்கும், மான் அன்றைக்கே விழுந்திருக்கும். இது பலகையில் குத்தி நிற்கிற மொட்டை முனை. சதைக்குள் ஏறி, போன வழியை அதுவே அடைத்துக்கொண்டு நிற்கும். மானை நடக்கவும் விடாது, சாகவும் விடாது.

இதைச் சடையனிடம் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். மொட்டை முனை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவன் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து இரண்டு பக்கமும் பார்த்தான். "தடம் ரெண்டு பக்கமும் போகுது, நஞ்சப்பா. முன்னால போனா மான் கெடைக்கும். பின்னால போனா ஆளு கெடைப்பான். எதுக்குப் போலாம்?"

"நமக்கு மான்தான சொல்லியிருக்காங்க. முன்னாலயே போலாம்."

"சரி" என்றான். ஆனால் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மூன்று மணிக்குப் பாறைமேட்டில் தடத்தை விட்டுவிட்டோம். வரும் வழியில் தொட்டி நிரப்பினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பாறைமேட்டைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் கோபிகா போன் செய்தாள்.

"ஏனுங்கப்பா, அம்பு அஞ்சுதான் இருக்குது. ஒண்ணு அங்கயே உட்டுட்டனா?"

"இங்கயும் காணமே கண்ணு. நாய் கீய் இழுத்துட்டுப் போயிருக்கும்."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நம்ம நாயத்தான் மார்கழிலயே சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சேங்கப்பா."

வேற நாய் என்று சொல்லிச் சமாளித்தேன். தேடிப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். அது பொய் இல்லை. நாலு நாளாக அதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறேன். சடையனுக்கு முன்னால் நான் கண்டுபிடித்தாக வேண்டும். அந்த அம்பு ரேஞ்சர் மேசைக்குப் போனால் என் மகள் பெயர்தான் போகும். எட்டு நாளில் தேர்வு.

அந்த வில்லை எடுக்க எங்கிருந்து எனக்குப் புத்தி வந்ததோ.

பிப்ரவரி 15, சனி

கெம்பனைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சடையனின் தங்கை புருஷன். குடிசையில் ஒரு வில் இருந்ததாம். கிளி விரட்ட மண் உருண்டை வைத்து அடிக்கிற வில் அது. அதில் அம்பே பூட்ட முடியாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் முயல் பிடித்த கேஸ் அவன் மேல் இருக்கிறது. ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு, "ஒருதடவ பண்ணவன்தான மறுபடி பண்ணுவான்" என்கிறார் ரேஞ்சர்.

அந்த முயல் கேஸை எழுதியது நான். கையும் களவுமாகப் பிடித்தேன். 'பிள்ளைக்குக் காய்ச்சலுங்க, கஞ்சியே எறங்கல, கொஞ்சம் கறிச்சாறு வெச்சுக் குடுக்கலாம்னுதானுங்க' என்று காலைப் பிடித்தான். காட்டுக்குள் கை வைத்தால் யாராக இருந்தாலும் ஒரே சட்டம் என்று பேசினேன். பேசியது அப்படியே ஞாபகம் இருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து மனைவி சரசுவிடம் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

ஆபீஸ் ஓரத்து அறையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "நீங்க சொன்னாக் கேப்பாங்க. உங்களுக்குத் தடம் தெரியுமுங்களே" என்றான்.

விசாரித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தால் என் வாயைக் கழுவ வேண்டும்போல இருக்கிறது.

ரேஞ்சர் என் டைரியில் கையெழுத்துப் போட்டார். 'நன்று' என்று வேறு எழுதினார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் சடையன் வீட்டுக்கே வந்தான். உள்ளே வரவில்லை. சரசு காபி கொண்டுபோய்க் கொடுத்தாள், வேண்டாம் என்றான். பதினாறு வருடத்தில் அவன் எங்கள் வீட்டுக் காபியை வேண்டாம் என்றதில்லை.

"நேத்து நான் பின்னால போனேன்" என்றான்.

அவனே சொன்னான்.

"தடம் உங்க தொட்டில வந்து நிக்குது. தொட்டியடிய யாரோ சுத்தமாக் கழுவியிருக்காங்க. பொதருக்குள்ள கழுவல. எலை மேல ரத்தம் காஞ்சு கெடக்குது. எதுக்கால மறவுல ஒரு ஆளு முட்டி போட்டு ஒக்காந்த எடம் இருக்குது. அவன் போட்டிருந்தது இலாகா பூட்ஸு."

"பன்னி எதாச்சும் வந்திருக்கும்..." என்று ஆரம்பித்தேன். ஏன் அப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"பன்னி அடி ஒண்ணுகூட இல்லியே நஞ்சப்பா" என்றான் சடையன். அவன் குரலில் கோபம் இல்லை. "நான் உன்னை ஒண்ணும் கேக்கல. யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். நான் சொன்னா, மச்சானக் காப்பாத்தக் கதை கட்டுறான்னுதான் சொல்லுவாங்க. நான் ஆபீசுக்குப் போறேன். தங்கச்சி அங்க ஒக்காந்து அழுதுட்டிருக்கா. நாளைக்குத் தடம் பாக்க வரமாட்டேன்."

அவன் போன பிறகு சரசு என் முகத்தையே பார்த்தாள். "என்னங்க ஆச்சு?" என்றாள். தலைவலி என்றேன்.

தொட்டி நிரப்பினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

இதை ரேஞ்ச் ஆபீசில் இருந்து எழுதுகிறேன். மாற்றுத் துணியோடு இந்த டைரியையும் சரசு பையில் போட்டு அனுப்பியிருக்கிறாள். படித்தாளா என்று தெரியவில்லை.

காலையில் தனியாகப் போனேன். பாறைமேட்டுக்குக் கீழே ஓடையில் ஒரு நீர்க்கசிவு இருக்கிறது. காயம்பட்டது தண்ணீரை விட்டு வெகுதூரம் போகாது என்று எனக்கு முதல் நாளே தெரியும். சடையனை அந்தப் பக்கம் திருப்பாமல் இரண்டு நாள் மேட்டிலேயே சுற்ற வைத்தவன் நான்தான். உண்ணிப்புதருக்குள் ஈ மொய்க்கும் சத்தம் கேட்டது. தவழ்ந்து போனேன். படுத்திருந்தது.

எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. தொடை வீங்கி, காயத்தில் புழு வைத்திருந்தது. உயிர் இருந்தது. என் சட்டையைக் கழற்றி அதன் கண்ணை மூடினேன். கண்ணை மூடினால் மான் அடங்கும். மூச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏழு நாளாக இந்த அம்பைத்தான் தேடினேன். என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிடுங்கினால் அரைமணி நேரத்தில் ரத்தம் போய் மான் செத்துவிடும். அம்பை அடுப்பில் வைத்துவிடலாம். மகளுக்கு ஒன்றும் இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டையோடு ஒரு மான் கிடைக்கும், அந்த ஓட்டைக்குக் கெம்பன் பதில் சொல்லுவான்.

பிடுங்காமல் விட்டால் டாக்டர் வந்து காப்பாற்றிவிடுவார். அம்பை எடுத்துத் துடைத்து ரேஞ்சர் கையில் கொடுப்பார். என், ஜி.

எழுத்தைச் சுரண்டிவிடலாம் என்று தோன்றியது. கத்தியை எடுத்தேன். அம்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு சுரண்டினேன். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அசையத்தான் செய்தது. சூடு வைத்த எழுத்து ஆழமாக இறங்கியிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் மான் உடம்பு முழுக்க உதறியது. என்னை அறியாமல் அவள் எழுத்தில்தான் ஆரம்பித்திருக்கிறேன். அது போவதற்குள் மான் இரண்டு தடவை கத்திவிட்டது. மான் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அடுத்த எழுத்தில் கத்தியை வைத்தேன். என்னால் ஆகவில்லை. கத்தியை வீசிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அழுதேன்.

பிறகு வாக்கி-டாக்கியில் கூப்பிட்டேன். "மான் கெடைச்சிருக்குங்கய்யா. உசுரோட இருக்குது. டாக்டரம்மாவச் சீக்கிரம் வரச் சொல்லுங்க."

மூன்று மணிக்கு வந்தார்கள். மயக்க ஊசி போட்டு, சதையைக் கீறி, அம்பை எடுத்தார் டாக்டரம்மா. புழுவையெல்லாம் எடுத்து மருந்து வைத்துத் தைத்தார். எலும்பில் படவில்லை, பிழைத்தாலும் பிழைக்கும் என்றார். அம்பை ரேஞ்சர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"என்னமோ எழுத்து இருக்குதே. என்... அடுத்தத யாரோ சொரண்டியிருக்காங்க. புதுசாச் சொரண்டியிருக்காங்க."

சடையனும் அவர்களோடு வந்திருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது நஞ்சப்பனுங்க" என்றேன். "விட்டது நானுங்க. கெம்பனுக்கு இதுல சம்பந்தம் இல்லைங்க."

ஜீப்பில் வரும்போது ரேஞ்சர், "ஏன்யா?" என்று மட்டும் கேட்டார். மக்காச்சோளத்தில் பன்றி புகுந்தது, இருட்டாகிவிட்டது, பன்றி என்று நினைத்து விட்டுவிட்டேன் என்றேன். அவர் கொஞ்சம் நிம்மதியானதுபோல இருந்தது. "அப்படியே எழுதிக்கறேன். சொந்த வயல், சொந்தப் பயிர். கோர்ட்டுல கொஞ்சம் எறங்கி வருவாங்க. வேல போகாமக்கூடப் பாத்துக்கலாம்" என்றார்.

கெம்பனை விட்டுவிட்டார்கள். அதே அறையில் என்னை உட்கார வைத்தார்கள். கெம்பன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ராத்திரி இங்க குளுரு தாங்காதுங்க" என்று கம்பளியைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மான் காலையில் எழுந்து நின்றதாம். மூன்று காலில்.

இன்றைக்குத் தொட்டியை யார் நிரப்பினார்கள் என்று தெரியவில்லை.

பதினொரு மணிக்கு ரேஞ்சர் வாக்குமூலத்தை எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். பன்றி என்று நினைத்து, பயிரைக் காக்க, இருட்டில், தவறுதலாக. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். வாசலில் கோபிகா நின்றாள்.

சரசு போன் செய்திருக்கிறாள். இவள் விடிகாலை பஸ் பிடித்து வந்திருக்கிறாள், நாலு மணி நேரம் நின்றுகொண்டே. தோளில் வில் உறை.

"ஐயா, அந்த அம்பு என்னுதுங்க" என்றாள். உறையைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். "மீதி அஞ்சு இந்தா இருக்குதுங்க. வில்லும் இதானுங்க."

ரேஞ்சர் என்னைப் பார்த்தார், அம்புகளைப் பார்த்தார். இரண்டு மஞ்சள், ஒரு பச்சை. ஐந்திலும் இரண்டு எழுத்தும் இருந்தன.

"இதெல்லாம் கேஸ்ல சேந்துரும்மா. சனிக்கிழமை உனக்குச் செலக்சன்னு அப்பா சொல்லிட்டிருந்தாரே" என்றார்.

"தெரியுமுங்க."

அவள் மேசையில் இருந்த ஆறாவது அம்பை எடுத்துச் சுரண்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். அவள் கை நடுங்கவில்லை.

"இங்க நான் இருந்தேனுங்கப்பா."

"உன்னை இதுல இழுக்க வேண்டாம்னுதான் கண்ணு..."

"எம்பட வில்லத்தானங்கப்பா எடுத்தீங்க."

அவள் மேசைமேல் இருந்த தாளை வாசித்தாள். மெதுவாக, ஒரு வரி விடாமல் வாசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பன்னின்னு நெனச்சுத்தான் உட்டீங்களா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். ரேஞ்சர் அதைத்தான் எதிர்பார்த்தார். தாளில் அதுதான் இருந்தது. பேனாவும் என் கையிலேயே இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. வேலை போகாது, கேஸ் லேசாகும். ஒன்பது நாளாக இந்த டைரியில்கூட அதைத்தானே எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கையெழுத்துப் போடாத டைரியில் எதற்குப் பொய் எழுதினேன்?

அவள் கழுத்தெலும்பைத்தான் பார்த்தேன்.

"இல்ல கண்ணு. தண்ணி குடிச்சிட்டு இருந்துச்சு. வெளிச்சம் நல்லா இருந்துச்சு. ரெண்டு காதும் தெரிஞ்சுது. மான்னு தெரிஞ்சுதான் விட்டேன். நீ ரொம்ப எளைச்சிருந்தியா... ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு வேளையாச்சும் கறி ஆக்கிப் போடலாம்னு..."

கோபிகா அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ரேஞ்சர் எழுதின தாளை நாலாகக் கிழித்தார். இன்னொரு தாளை எடுத்து மடித்து ஓரம் விட்டார்.

"மொதல்ல இருந்து சொல்லு" என்றார்.

"அந்தத் தொட்டிய நெரப்புறது நாந்தானுங்க ஐயா" என்று ஆரம்பித்தேன்.